எல்எம்வி போதுமா, ஹெவி எடுக்க வேண்டுமா?

நான்கு வருடம் குட்டியானையில் லோடு அடித்துவிட்டு ஹெவி, அதாவது கனரக வண்டி லைசென்ஸ் எடுத்தவன் நான். சரக்கு வண்டிதான் தொழில் என்று முடிவு செய்தவர் யார் கேட்டாலும் ஹெவி பக்கமே கை காட்டுவேன்.

எல்எம்வி, அதாவது இலகு ரக வண்டி லைசென்ஸின் வசதி எல்லோருக்கும் தெரிந்ததுதான். 18 வயதில் எடுக்கலாம், சீக்கிரம் கைக்கு வரும். சரக்கு வண்டி ஓட்ட மட்டும் 20 வயது ஆகியிருக்க வேண்டும். மினி லாரிக்கும் தனியாகப் பேட்ஜ் (வணிக வண்டி ஓட்டத் தரும் அனுமதி) வேண்டுமே என்று முன்பு ஒரு பயம் இருந்தது. 7,500 கிலோ வரை எல்எம்வியே போதும் என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் சொன்னது. 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வும் அதை உறுதி செய்துவிட்டது.

சரி, அப்புறம் ஹெவி எதற்கு? அந்த 7,500-ஐ எப்படி அளக்கிறார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

ஒரு நாள் எங்கள் ஓனர், "லோடு இறக்கியாச்சு தம்பி, காலி வண்டிதானே, ஷெட்டுக்குக் கொண்டு வந்துடு" என்று ஆறு சக்கர லாரியின் சாவியைக் கொடுத்தார். அப்போது என்னிடம் எல்எம்வி மட்டும்தான். ஆர்சியைப் பிரித்துப் பார்த்தேன். அன்லேடன் வெயிட் (காலி எடை) 5,000 கிலோவுக்குக் கீழே. அதை மட்டும் பார்த்திருந்தால் ஏறி உட்கார்ந்திருப்பேன். அடுத்த வரியில் லேடன் வெயிட் (சுமையோடு சேர்ந்த எடை) 11 டன்னைத் தாண்டியிருந்தது. கார், டிராக்டர் என்றால் சட்டம் காலி எடையைப் பார்க்கும். சரக்கு வண்டிக்கு மொத்த எடைதான் கணக்கு, அதாவது வண்டியும் அது ஏற்ற அனுமதித்த சுமையும் சேர்ந்தது. பின்னால் ஒரு மூட்டைகூட இல்லாவிட்டாலும் அந்த லாரி எல்எம்விக்குள் வராது. சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஓனருக்கு வருத்தம்தான். ஆனால் வழியில் யார் மேலாவது இடித்திருந்தால், பாதிக்கப்பட்டவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பணம் கொடுத்துவிட்டு, ஓட்டியவனுக்கு உரிய லைசென்ஸ் இல்லை என்று அந்தத் தொகையை வண்டி உரிமையாளரிடமே வசூலிக்கலாம். அந்த ஒரு விபத்தில் அவர் லாரியையே விற்க வேண்டி வரும். விவரம் தெரிந்த ஓனர்கள் சம்பளம் பேசும் முன்பே லைசென்ஸைக் கேட்பது இதனால்தான். இரண்டு ஆக்சில் லாரியின் மொத்த எடையே 18.5 டன் வரை போகும், பத்துச் சக்கரம் 28.5 டன். ஹெவி இருந்தால் இவை எல்லாம் உங்களுக்குத் திறந்திருக்கும், சின்ன வண்டியும் கையை விட்டுப் போகாது.

ஹெவியில் தொல்லை என்றால் புதுப்பிப்பதுதான். 30 வயதுக்குள் எடுத்த எல்எம்வி 40 வயது வரை ஓடும். ஹெவியை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை, மருத்துவரிடம் படிவம் 1ஏ வாங்கிப் புதுப்பிக்க வேண்டும். காலாவதிக்குப் பின் முன்பு கிடைத்த 30 நாள் சலுகையும் 2019 திருத்தத்தோடு போய்விட்டது. ஒரு வருடம் தாண்டினால் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும்.

பெட்ரோல், ரசாயன டேங்கருக்கு ஹெவி மட்டும் போதாது. தனிப் பயிற்சி முடித்து லைசென்ஸில் பதிய வேண்டும், அதற்கு மூன்று வருடம்தான் ஆயுள். டேங்கர் நான் ஓட்டியதில்லை, அந்த வேலை எப்படி என்று ஓட்டுகிறவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்எம்வி கையில் இருந்து ஒரு வருடம் முடிந்தால்தான் ஹெவிக்கு எல்எல்ஆர் (பழகுநர் உரிமம்) போட முடியும். ஆகவே காரே ஓட்டாதவராக இருந்தாலும் எல்எம்வியை இப்போதே எடுத்து வையுங்கள். நான் தள்ளிப் போட்டதில் இரண்டு லாரி வேலைகள் கைநழுவின.