பல்லுக்கு 3டி ஸ்கேன் எடுக்கச் சொன்னால், பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

இடது பக்க மேல் கடைவாய்ப்பல்லுக்கு வேர் சிகிச்சை (ரூட் கெனால்) செய்துகொள்ளப் போன இடத்தில், "3டி ஸ்கேன்" என்று 3,500 ரூபாய் வாங்கிக்கொண்டு, அந்தப் பல்லுக்குச் சற்றும் பயன்படாத ஒரு ஸ்கேனை எடுத்துக் கொடுத்தார்கள். ஏழு மாதம் கழித்து அதே பல்லுக்கு வேறோர் இடத்தில் மறுபடியும் சிகிச்சை எடுக்க வேண்டியதாயிற்று. கிளினிக்கின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. நடந்ததை மட்டும், என்னிடம் உள்ள பில்லையும் சிடியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

ஸ்கேன் எடுக்கலாம் என்று சொன்னதைத் தவறென்று நான் சொல்லவில்லை. மேல் வரிசையில் நடுவிலிருந்து எண்ணினால் ஆறாவதாக வரும் அந்தப் பல்லுக்குப் பெரும்பாலும் மூன்று வேர்கள் இருக்கும். கன்னத்துப் பக்கம் இரண்டு, அண்ணத்துப் பக்கம் ஒன்று. சாதாரணச் சிறிய எக்ஸ்ரேயில் இவை ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து தெரியும். கன்னத்துப் பக்கம் முன்னால் இருக்கும் வேருக்குள் பாதிக்கும் மேற்பட்டோருக்கு நரம்பு ஓடும் குழாய் ஒன்றோடு இரண்டாவதாக ஒரு மெல்லிய குழாயும் உண்டு என்பதையும், அது முதல் குழாய்க்குப் பின்னால் மறைந்துகொள்வதால் தட்டையான படத்தில் சிக்குவது அரிது என்பதையும் நான் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். 3டி ஸ்கேன் என்று அவர்கள் சொன்ன சிபிசிடியில் கருவி தலையைச் சுற்றி ஒரு வட்டம் வந்து நூற்றுக்கணக்கான படங்களை எடுக்க, கணினி அவற்றைச் சேர்த்து ஒரு கனவடிவமாக்கித் தருகிறது. அதை எந்தத் திசையிலும் சீவல் சீவலாக வெட்டிப் பார்க்கலாம். 1990களின் இறுதியிலிருந்து பல் மருத்துவத்தில் இருக்கும் இந்த முறை, வேர்க்குழாய்களின் அமைப்பை அறிய மிகவும் உதவுவது. முறையாக எடுத்து, முறையாகப் பார்த்தால்தான்.

வரவேற்பில் இருந்த பெண் என்னிடம், "எத்தனை வேர்னு கம்ப்யூட்டரே சொல்லிடும் சார், நீங்க கவலையே பட வேணாம்" என்றார். நானும் நம்பினேன். கருவி அரை நிமிடத்துக்குள் சுற்றி முடித்தது. கால் மணி நேரத்தில் சிகிச்சை நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மூன்று குழாய்களைச் சுத்தம் செய்து அடைத்தார்கள். அடுத்த வாரம் கேப் போட்டார்கள். நான்காவது மாதத்திலிருந்து கடிக்கும்போது மந்தமான வலி. திரும்பப் போனபோது சிறிய எக்ஸ்ரே ஒன்றைப் பார்த்து எல்லாம் சரியாக இருக்கிறது என்றவர்கள், கேப் உயரமாக இருப்பதாகச் சொல்லி இரண்டு தடவை அதைத் தேய்த்து அனுப்பினார்கள். ஏழாவது மாதம் ஈறில் கொப்புளம் வந்தது.

இதற்குப் பிறகு போய்ப் பார்த்த வேர் சிகிச்சை நிபுணரிடம், ஸ்கேன் என்று எனக்குத் தந்திருந்த பளபளப்பான தாளை நீட்டினேன். அதில் என் இரண்டு தாடைகளும் அழகாக அச்சாகியிருந்தன. கீழ்த்தாடை எலும்பின் உயரமும் அகலமும் இம்பிளான்ட் (எலும்பில் பொருத்தும் செயற்கைப் பல்வேர்) வைப்பதற்கான அளவுகளாக மில்லிமீட்டரில் எழுதப்பட்டிருந்தன. நான் சிகிச்சைக்குப் போன பல்லைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. "இந்தத் தாளை வச்சு ஒண்ணும் பண்ண முடியாது சார், மூல ஃபைல் வாங்கிட்டு வாங்க" என்றார் டாக்டர். கிளினிக்கில் கேட்டதற்கு, அது தங்கள் கணினியில் மட்டுமே திறக்கும் என்றார்கள். டைக்காம் என்னும் பொதுவான வடிவத்தில்தான் இந்த ஃபைல்கள் சேமிக்கப்படுகின்றன, இலவச மென்பொருளிலேயே திறக்கலாம் என்று தெரிந்துகொண்டு போய்ச் சொன்னபோது, திரையைச் செல்போனில் படம் பிடித்து அனுப்பினார்கள். எழுத்துப்பூர்வமாகக் கடிதம் கொடுத்த பிறகே சிடி கிடைத்தது.

டாக்டர் அதைத் திறந்து மவுஸின் சக்கரத்தை உருட்ட உருட்ட, பல் மேலிருந்து கீழாகச் சீவப்பட்டுக்கொண்டே வந்தது. கன்னத்துப் பக்க முன்வேர் ஒரு மங்கலான சாம்பல் தீற்றலாகத்தான் தெரிந்தது. முகத்தின் பெரும்பகுதியையும் அடக்கிய அந்த ஸ்கேனின் நுண்மை 0.4 மில்லிமீட்டர். அதாவது, படத்தை ஆக்கும் ஒவ்வொரு கனசதுரமும் அந்தப் பருமன் உள்ளது. தேடும் குழாயோ பெரும்பாலும் அதைவிடக் குறுகலானது. ஒரே பல்லுக்காக என் உமிழ்நீர்ச் சுரப்பிகள் வரை தேவையில்லாமல் கதிர்வீச்சு பட்டது தனிக் கதை.

தனி ஸ்கேன் மையம் ஒன்றில் 1,200 ரூபாய்க்கு, 5 சென்டிமீட்டர் அளவுள்ள சிறு பகுதியை மட்டும் 0.1 மில்லிமீட்டர் நுண்மையில் எடுத்தோம். கேப்பின் உலோகமும் குழாய்களில் அடைத்திருந்த பொருளும் வெள்ளைக் கீற்றுகளாகச் சிதறிப் படத்தைக் கெடுத்திருந்தாலும், நீள்வட்டமாகத் தெரிந்த முன்வேரில் அடைப்பின் வெள்ளைப் புள்ளி நடுவில் இல்லாமல் கன்னத்துப் பக்கமாக ஒதுங்கி நின்றது. ஒரே குழாயாக இருந்தால் அது நடுவில் இருந்திருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே, அண்ணத்துப் பக்கம் முடி போல ஓடிய கறுப்புக் கோட்டை அவர் அம்புக்குறியால் தொட்டுக் காட்டினார். வேர் நுனியைச் சுற்றி எலும்பு கரைந்த நிழலும் இருந்தது. பிறகு கேப்பைக் கழற்றி, நுண்ணோக்கியின் கீழ் அந்த நான்காவது குழாயைக் கண்டுபிடித்துச் சுத்தம் செய்ய இரண்டு அமர்வுகள் ஆயின.

நான்காவது குழாய் தவறிப்போவது தேர்ந்த கைகளுக்கும் நேர்வது. அதற்காக நான் யார்மீதும் பழி போட மாட்டேன். என் குறை இதுதான்: உலோகமும் அடைப்பும் இல்லாமல், கீற்றுகளின் தொந்தரவின்றி அந்தக் குழாயைப் பார்க்க இருந்த ஒரே வாய்ப்பு சிகிச்சைக்கு முந்தைய ஸ்கேன். அதைப் போய் இம்பிளான்டுக்கான அளவில் எடுத்து வீணாக்கினார்கள்.

அமெரிக்க வேர் சிகிச்சை நிபுணர் சங்கமும் வாய்-முகக் கதிரியக்க அகாடமியும் 2015இல் புதுப்பித்த கூட்டறிக்கை, இந்த ஸ்கேனை வழக்கமாக எல்லோருக்கும் எடுக்கக் கூடாது என்றும், எடுப்பதானால் சிறு பகுதியை மட்டுமே எடுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஆகவே உங்களிடம் ஸ்கேன் என்று சொன்னால், எந்தப் பல்லுக்கு, எத்தனை சென்டிமீட்டர் பரப்பு, என்ன நுண்மை, அறிக்கையில் அந்தப் பல்லின் குழாய்களைப் பற்றி எழுதுவது யார் என்று பணம் கட்டும் முன்பே கேளுங்கள். மூல ஃபைலைச் சிடியிலோ பென்டிரைவிலோ அன்றைக்கே வாங்கிவிடுங்கள். கருவிக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி இருக்கிறதா என்று கேட்பதிலும் கூச்சப்பட ஒன்றுமில்லை.

ஸ்கேன் கட்டணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதிய கடிதத்துக்கு இன்றுவரை பதில் இல்லை. நுகர்வோர் ஆணையத்தில் முறையிட இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. அதில் எனக்கு இன்னும் ஓராண்டுக்கு மேல் மீதமிருக்கிறது.