அக்ரிமென்ட் போட்டு நிலம் கைமாற்ற நினைப்பவர்களுக்கு: 2 லட்சம் விட்ட கதை

பாபநாசம் பக்கம் வாய்க்கால் ஓரமாக 4 மா நஞ்சை (மா என்பது எங்கள் பக்கத்து நில அளவு, சுமார் 33 சென்ட்). மா 7 லட்சம் என்று பேச்சு. "2 லட்சம் அட்வான்ஸ் கொடுத்து 90 நாள் கெடுவில் அக்ரிமென்ட் போடு தம்பி. அதுக்குள்ள பார்ட்டி பிடிச்சு மா 8 லட்சத்துக்குத் தள்ளிவிடு, 4 லட்சம் உனக்கு" என்றார் தரகர். முழுப் பணம் என்னிடம் இல்லை. தேவையே இல்லை என்றார். 2024 தை அறுப்பில் வந்த பணத்தை அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

20 ரூபாய் பத்திரத்தில் தரகரே டைப் அடித்துக் கொண்டுவந்தார். பதிய வேண்டாமா என்று கேட்டேன். "கைமாத்தப் போற அக்ரிமென்ட்டுக்கு எதுக்குத் தண்டச் செலவு?" 2012 டிசம்பரிலிருந்தே தமிழ்நாட்டில் கிரய ஒப்பந்தத்தைப் பதிவது கட்டாயம். அது எனக்கு அப்புறம்தான் தெரியும்.

இரண்டாம் மாதமே திருச்சியிலிருந்து பார்ட்டி கொண்டுவந்தேன். வயலில் வைத்து உரிமையாளர், தரகர், பார்ட்டி எல்லோரையும் நானே அறிமுகப்படுத்தி, இளநீரும் வாங்கிக் கொடுத்தேன் (அந்தக் காசும் போச்சு). அதன்பின் கிரயத்துக்கு நாள் கேட்டால், "அக்கா சிங்கப்பூர்லேர்ந்து வரணும், கையெழுத்துக்கு" என்றே இழுத்தார்கள். அது உரிமையாளரும் அவர் அக்காவும் சேர்ந்த கூட்டுப் பட்டா என்பதே அன்றுதான் எனக்குத் தெரியும். அக்ரிமென்ட்டில் உரிமையாளரின் கையெழுத்து மட்டும்தான் இருந்தது.

91-ஆம் நாள், கெடு தாண்டிவிட்டது, அட்வான்ஸ் திரும்பாது என்று பத்திரத்திலேயே இருக்கிறதே என்றார்கள். இரண்டு வாரம் கழித்து வில்லங்கச் சான்று (நிலத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்) போட்டுப் பார்த்தால், அந்த 4 மாவும் என் திருச்சிப் பார்ட்டி பெயரில்! அக்காவும் சேர்ந்தே எழுதிக் கொடுத்திருக்கிறார். என் ஒப்பந்தம் பதியாததால் வில்லங்கத்தில் ஏறவே இல்லை.

வக்கீல் படித்துப் பார்த்துவிட்டு முதலில் தேடியது ஒரு வரியை: "எனக்கோ, நான் காட்டும் நபருக்கோ கிரயம் செய்து கொடுக்க". அது இல்லை. விற்பவரால் தாமதமானால் கெடு நீளும் என்ற வரியும் இல்லை. பதியாத ஒப்பந்தத்தை வைத்தும் கிரயம் கேட்டு வழக்குப் போடலாம், 2023-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது என்றார். ஆனால் மீதி 26 லட்சத்தோடு நான் தயாராக இருந்ததாக நிரூபிக்க வேண்டுமாம். என் கணக்கில் அப்போது 41 ஆயிரம் இருந்தது.

இப்போது அட்வான்ஸையாவது கேட்டு நோட்டீஸ் விட்டிருக்கிறேன். பதில் வரவில்லை. உங்களிடம் எவராவது "பதிய வேண்டாம்" என்றால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.