கித்துல்கல படகுச் சவாரி: தவணை தொடங்குமுன் ஒரு நாள்

ஜனவரியில் பாடசாலையின் முதலாம் தவணை தொடங்குமுன், கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து சக ஆசிரியைகள் நால்வருடன் அவிசாவளை வழியாகக் கித்துல்கலைக்குச் சென்று, களனி கங்கையின் நுரைத்துப் பாயும் நீரில் ரப்பர் படகுச் சவாரி செய்தேன். முகத்துவாரத்தில் மண்ணிறமாய்ச் சோம்பிக் கடலில் கலக்கும் அதே ஆறுதான் இது என்பதை, பாறைகளுக்கிடையே முதல் சரிவில் படகின் முன்புறம் எழும்பியபோது நம்ப முடியவில்லை.

வழிகாட்டி மிகக் கண்டிப்பானவர். உயிர்காப்பு அங்கியின் ஒவ்வொரு வாரையும் தாமே இழுத்துப் பார்த்து, துடுப்பின் மேல்நுனிப் பிடியை விட்டால் அது அருகிலிருப்பவரின் பற்களைப் பதம் பார்க்கும் என்று எச்சரித்து, நீரில் விழுந்தால் மல்லாந்து, கால்களை ஆறு ஓடும் திசையில் நீட்டி மிதக்க வேண்டும் என்பதை எங்களை மூன்று முறை சொல்லவைத்த பின்னரே படகை இறக்கினார். (வகுப்பில் நான் செய்வதும் இதுவே.)

விளக்கம் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டுமே இருந்தமையால் ஒருவருக்கு நான் மொழிபெயர்க்க நேர்ந்தது. உடைமாற்றும் அறைக் கதவுக்கோ தாழ்ப்பாளே இல்லை. மதியச் சோறும் கோழிக்கறியும் சுமார். ஆயினும், முடிவில் அமைதியான நீர்ப்பரப்பில் அங்கியோடு குதித்து மிதக்க விட்ட அந்தப் பத்து நிமிடங்களுக்காகவே மறுபடியும் செல்வேன், தாழ்ப்பாள் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.