வளர்ந்த குதிரைக்குச் சவாரிப் பயிற்சி: நிலாவெளி வீதியில் ஒரு கொட்டில்

9 வயதுவரை முதுகில் எவரையும் ஏற்றியிராத எங்கள் சிவலைப் பெண் குதிரையைச் சவாரிக்குப் பழக்குவதற்காக, திருகோணமலையில் உப்புவெளிக்கும் நிலாவெளிக்கும் இடையிலுள்ள ஒரு சிறிய பயிற்சிக் கொட்டிலில் மூன்று மாதம் விட்டிருந்தோம். குதிரையின் முதுகெலும்பு முழுமையாக முற்றுவதற்கு ஏறத்தாழ 6 வயது ஆகும் என்பதால், எலும்பைப் பற்றி எமக்குக் கவலை இருக்கவில்லை; கவலையெல்லாம் அதன் மனத்தைப் பற்றியதே. முன்பு வேறோர் ஊரில் ஒருவர் அதை நாள்தோறும் ஒரு மணி நேரம் ஒரே வட்டத்தில் ஓடவிட்டதால், கயிற்றைக் கண்டாலே காதுகளைப் பின்னுக்கு மடித்துக்கொண்டு மூலையில் போய் நிற்கத் தொடங்கியிருந்தது.

இங்குள்ள பயிற்சியாளர் முதல் வாரம் சேணத்தைத் தொடவேயில்லை. பல்லையும் முதுகையும் சோதித்த பின், கடிவாளத்தில் நீண்ட வார்களைக் கோத்து, பின்னால் நடந்தபடியே குதிரையை வெளியே ஓட்டிச் சென்றார். மீன்வாடி, உலரும் வலைகள், ஓட்டோச் சத்தம், ஆட்டு மந்தை என ஒவ்வொரு நாளும் வேறு பாதை. திரும்புவதும் நிற்பதும் அந்த நடையிலேயே படிந்தன.

ஒரு காலை அருகில் நின்று பார்த்தேன். பின்னடி வைப்பதற்காக வாரை மெல்ல இறுக்கினார். குதிரை தயங்கியது, ஒரு காது அவர் பக்கம் திரும்பியது, முன்குளம்பு ஒரு சாண் பின்னே நகர்ந்தது. அந்தக் கணமே வார் தளர்ந்தது. இரண்டாம் முறை விரல் அசைவே போதுமாயிருந்தது. மூன்றாம் முறை அவர் கேட்கவேயில்லை. விளங்கிக்கொண்ட ஒன்றைத் திரும்பத் திரும்பக் கேட்டால் வளர்ந்த குதிரை வெறுத்துப்போகும் என்பதை அறிந்தவர் அவர் என்று அப்போது நம்பினேன்.

பாடம் 25 நிமிடத்தைத் தாண்டுவதில்லை. கச்சான் என்னும் வெப்பக் காற்று வீசும் மாதங்களில் காலை ஏழரைக்குள் முடித்துவிடுகிறார். ஒரு நாள் தரையில் கிடத்திய தென்னங்குற்றிகளைத் தாண்டி நடை, மறுநாள் கடலோர ஈர மணல். கால் புதையும் உலர்ந்த மணல் தசைநாரை வருத்தும் என்பதால் அதைத் தவிர்க்கிறார். ஐந்தாம் வாரத்தில் ஆளை முதுகில் குறுக்கே படுக்கவைத்துப் பழக்கிய பின்னரே அங்கவடியில் கால் வைக்கவிட்டார். 350 கிலோ எடையுள்ள குதிரைக்குச் சேணத்துடன் 70 கிலோ என்பதே அவர் வைத்த எல்லை.

குறை ஒன்று உண்டு. அவர் தந்த சேணம், கழுத்தும் முதுகும் சேரும் தோள்மேட்டில் ஒடுக்கமாக இருந்தது. வியர்த்த முதுகில், சேணம் அழுத்தியதால் வியர்க்காமல் இருபுறமும் உள்ளங்கையளவு உலர்ந்திருந்த இடத்தைக் கண்டு நாங்கள் சொன்ன பிறகே மாற்றினார். முதுகை அவ்வளவு கவனமாகச் சோதித்தவர் இதைத் தாமாகவே கண்டிருக்க வேண்டும். 10 நாட்கள் வீணாயின.

கட்டணம் குறைவன்று, ஆயினும் பெறுமதியானது. ஐப்பசிக்குப் பின் மாரி மழையில் பாதைகள் சேறாகிப் பயிற்சி தடைப்படுவதால், குதிரையை மாசியில் கொண்டுபோய் விடுவது நல்லது. சொந்தச் சேணம் இருந்தால் அதையும் எடுத்துச் செல்லுங்கள்.