முதலில் டிஸ்பாட்ச் மேசையா, நேரே காக்பிட்டா?

போன மாதம் குடியாத்தத்திலிருந்து அக்கா மகன் போன் செய்தான். பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டான், இயற்பியலும் கணிதமும் படித்தவன். "மாமா, டிஸ்பாட்ச்ல சேர்ந்தா அங்கேருந்து அப்படியே பைலட் ஆயிடலாமாமே, நெஜமா?" என்று கேட்டான். அவன் அப்பாவோ பள்ளிகொண்டா பக்கம் இருக்கும் ஒன்றரை ஏக்கரை விற்று, பையனை நேராகப் பறக்கும் பயிற்சிக்கே அனுப்பிவிடலாமா என்ற யோசனையில் இருக்கிறார். நான் ஒன்பது வருடமாக டிஸ்பாட்ச்சர், அதாவது பாதை, எரிபொருள், வானிலை எல்லாம் பார்த்து ஒவ்வொரு விமானத்துக்கும் தரையிலிருந்தே திட்டம் போடுகிற ஆள். அரக்கோணம் ராஜாளி தளத்தின் கடற்படை விமானங்களை அண்ணாந்து பார்த்தே வளரும் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலர் இதே கேள்வியோடு வருகிறார்கள். போனில் சொன்னால் பாதிதான் போய்ச் சேருகிறது. அதனால் எழுதிவிடுகிறேன்.

"அப்படியே" ஆக முடியாது. முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும். டிஸ்பாட்ச் மேசையில் பத்து வருடம் உட்கார்ந்தாலும், பறந்த நேரத்தைப் பதியும் லாக்புக்கில் ஒரு மணி நேரம்கூட ஏறாது. வணிக விமானி உரிமமான சிபிஎல்லுக்கு நம் நாட்டில் 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும், அதில் 100 மணி நேரம் விமானத்தின் பொறுப்பு உன் கையில் இருந்திருக்க வேண்டும். அதற்குக் குறுக்கு வழி கிடையாது. டிஸ்பாட்ச்சரிலிருந்து கோ-பைலட் என்று பதவி உயர்வும் கிடையாது. இரண்டும் வேறு வேறு ஏணி.

அப்படியானால் டிஸ்பாட்ச்சில் என்னதான் கிடைக்கிறது? ஒரு போகி காலையைச் சொல்கிறேன். சென்னையில் விடியற்காலையில் பழைய பாயும் டயரும் எரியும், மார்கழிப் பனியோடு அந்தப் புகை சேர்ந்தால் ஓடுதளம் கண்ணுக்குத் தெரியாது. 2018 போகியன்று பல விமானங்கள் சென்னையில் இறங்க முடியாமல் வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. டெல்லியிலிருந்து அந்த நேரத்துக்குச் சென்னை வரும் ஏ320 விமானத்துக்கு முந்தின இரவே நான் எரிபொருள் கணக்குப் போட வேண்டும். போய்ச் சேர எவ்வளவு, எதிர்பாராத செலவுக்கு எவ்வளவு, சென்னை மூடினால் பெங்களூர் போக எவ்வளவு, அதற்கும் மேல் கடைசியாக 1,500 அடி உயரத்தில் 30 நிமிடம் சுற்றுவதற்கான கையிருப்பு. இவ்வளவும் போட்ட பிறகு, புகை கலையும்வரை காத்திருக்க இன்னும் ஒரு டன் சேர்க்கலாமா என்று யோசிக்க வேண்டும். ஒரு டன் என்றால் ஏறக்குறைய 25 நிமிடம். ஆனால் அந்த ஒரு டன்னைச் சுமந்து வரவே கொஞ்சம் எரிபொருள் செலவாகும், எடை வரம்பைத் தொட்டால் சரக்கை இறக்க வேண்டிவரும். பெங்களூரிலும் மூடுபனி இருந்தால் மாற்று ஊர் ஹைதராபாத்தா என்று பார்க்க வேண்டும். இதையெல்லாம் எழுதி கேப்டனிடம் கொடுக்கிறேன், அவர் இன்னும் 500 கிலோ கேட்கிறார், ஏன் என்று பேசுகிறோம். நம் ஊரில் கடைசிச் சொல் அவருடையது. அமெரிக்காவில் சட்டமே இரண்டு பேரையும் கூட்டாகப் பொறுப்பாக்குகிறது.

இப்படி ஐந்நூறு இரவு கழித்தவன் பின்னால் காக்பிட்டில் உட்காரும்போது, வானிலை அறிக்கை அவனுக்கு மனப்பாடப் பாடமாக இருக்காது. விமானத் துறையை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏ நடத்தும் எழுத்துத் தேர்வில் வரும் ஏர் நேவிகேஷன், வானிலை, ஏர் ரெகுலேஷன் மூன்றுமே அன்றாடம் புழங்கும் சரக்குதான். வேலூர் வெயிலில் வளர்ந்தவனுக்கு 42 டிகிரி என்றால் என்னவென்று உடம்பு சொல்லும். சூட்டில் காற்று லேசாகி, இறக்கை தூக்கும் எடையும் எஞ்சின் தள்ளும் விசையும் குறைந்துவிடும் என்பதை டிஸ்பாட்ச்சில் கிலோ கணக்கில் பார்க்கலாம். இது பெரிய லாபம், சந்தேகமே இல்லை.

சரி, நேராகப் பறக்கப் போகும் வழி. அதன் பலம் வயதுதான். சிபிஎல் 18 வயதில் வாங்கலாம். டிஸ்பாட்ச்சருக்கோ சர்வதேச விதிப்படி 21 ஆக வேண்டும். ஏர்லைனில் சேர்ந்த தேதியை வைத்துத்தான் சீனியாரிட்டி. எப்போது கேப்டன் ஆவாய், எந்த விமானம் கிடைக்கும் என்பதெல்லாம் அந்த வரிசைப்படிதான். 20 வயதில் சேர்ந்தவனும் 27 வயதில் சேர்ந்தவனும் ஒன்றல்ல. கையில் பணம் இருக்கிற வீட்டுப் பிள்ளை டிஸ்பாட்ச்சில் ஏழு வருடத்தைப் போடுவது வீண் என்றே நான் சொல்வேன்.

ஆனால் அந்தப் பணம் சாதாரணமானதல்ல. சிபிஎல் முடிப்பதற்குள் ஐம்பது லட்சத்தை நெருங்கிவிடும். அதற்கு மேல் ஏ320 போன்ற ஒரு ரகத்தை ஓட்டுவதற்கான டைப் ரேட்டிங் தனிச் செலவு. நிலத்தை விற்பவர்கள் பலர் இந்த இரண்டாவது தொகையைக் கணக்கில் சேர்ப்பதில்லை. எல்லாம் முடித்த பிறகும் ஏர்லைன் ஆள் எடுக்காத வருடங்கள் உண்டு. சிபிஎல் கையில் வைத்துக்கொண்டு என் பக்கத்து மேசையில் டிஸ்பாட்ச் பார்த்த ஒரு தம்பி, கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பதற்கான இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் காலாவதி ஆகாமல் இருக்க வருடா வருடம் சம்பளத்தில் சேர்த்த காசைக் கட்டிப் பறந்துவிட்டு வருவான். ஒவ்வொரு முறையும் திங்கட்கிழமை அவன் முகம் தெளிந்திருக்கும். மூன்றாம் வருடம் வேலை கிடைத்தது.

டிஸ்பாட்ச் பக்கம் செலவு சில லட்சங்களோடு நின்றுவிடும். வேலை ஷிப்ட் முறை. பெரிய ஏர்லைன்களின் கட்டுப்பாட்டு மையங்கள் குருகிராமில் இருப்பதால் வீட்டை விட்டுப் போக வேண்டிவரலாம். அந்தச் சம்பளத்தை மட்டும் சேர்த்து ஐம்பது லட்சம் ஆக்க முடியுமா என்றால், முடியாது. ஆனால் மெடிக்கல் என்கிற உடல்தகுதிச் சோதனை, தேர்வுக் கட்டணம் எல்லாம் சொந்தக் காசில் முடியும். வங்கியில் கடன் கேட்கப் போகும்போது சம்பளச் சீட்டு இருக்கும். நிலமும் வீட்டிலேயே இருக்கும்.

மற்ற வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏர்லைன்களே நடத்தும் விமானிப் பயிற்சியான கேடட் திட்டம் ஒரு கோடியைத் தாண்டும், ஒன்றரை ஏக்கருக்கு அது கட்டாது. தேசியப் பாதுகாப்பு அகாதமியான என்டிஏவின் தேர்வு எழுதி விமானப்படையிலோ கடற்படையிலோ விமானி ஆவதற்குக் காசு தேவையில்லை. உடம்பும் மனதும் அதற்கு ஒத்துவந்தால் முதலில் அதை முயற்சி செய்யுங்கள். விமானப் போக்குவரத்தைத் தரையிலிருந்து வழிநடத்தும் ஏடிசி வேலை நல்ல அரசு வேலை, ஆனால் அதுவும் காக்பிட்டுக்கு வழி இல்லை.

எந்த வழி என்றாலும் மெடிக்கல்தான் முதல் வேலை. நான் இதைத் தலைகீழாகச் செய்தேன். டிஸ்பாட்ச்சில் இருந்துகொண்டே மூன்று பேப்பர் தேறினேன், அப்புறம்தான் முதல் கட்டச் சோதனையான இரண்டாம் வகுப்பு மெடிக்கலுக்குப் போனேன். நிறம் பிரித்தறிகிறேனா என்று பார்க்க, புள்ளி புள்ளியாக வண்ண வட்டம் அச்சடித்த புத்தகத்தை டாக்டர் என் முன்னால் புரட்டினார். முதல் பக்கத்தில் 12 என்ற எண் தெரிந்தது. அடுத்த பக்கங்களில் எனக்குப் புள்ளிகள் மட்டுமே தெரிந்தன. விளக்கு வைத்துச் செய்யும் சோதனையிலும் தேறவில்லை. காட்பாடி வரும்வரை ரயிலில் யாரோடும் பேசவில்லை. டிஸ்பாட்ச்சருக்கு அந்த மெடிக்கல் வேண்டியதில்லை என்பதால் வேலை நிலைத்தது, அந்த வேலையை இன்று மனதார நேசிக்கிறேன். ஆனால் அப்போதே நிலத்தை விற்றிருந்தால்?

அதனால் அக்கா மகனுக்கு நான் சொன்னது இது. இந்த மாதமே இரண்டாம் வகுப்பு மெடிக்கல், அதில் தேறினால் பெங்களூர் போய், சிபிஎல்லுக்கு வேண்டிய முதல் வகுப்பு. அது கையில் வரும்வரை பத்திரத்தைப் பெட்டியிலிருந்து எடுக்க வேண்டாம். வந்த பிறகு, 21 வயதுவரை வேலூரிலேயே ஒரு பட்டப்படிப்பு, கூடவே டிஜிசிஏ பேப்பர்கள். பிறகு டிஸ்பாட்ச், நான்கு வருடத்துக்கு மேல் வேண்டாம். அதன் பிறகு கடனோடு பறக்கப் போ. 25 வயது தாமதம்தான், ஆனால் 65 வரை பறக்கலாம்.

அவன் அப்பாவுக்கு இன்னும் முழுச் சம்மதம் இல்லை, நிலம் விலை ஏறியிருக்கிற நேரம் என்கிறார். மெடிக்கலுக்கு மட்டும் ஒப்புக்கொண்டார். வருகிற வியாழக்கிழமை பையனைச் சென்னைக்கு நான்தான் அழைத்துப் போகிறேன்.