சிபிவி 2314: மீத்தேன் வேலைக்கு வாங்கலாமா?

எங்கள் லேபில் மீத்தேனைப் பென்சீனாக மாற்றுவதற்குச் சிபிவி 2314 என்ற இந்த இசட்எஸ்எம்-5 பவுடரைத்தான் பயன்படுத்துகிறோம். இசட்எஸ்எம்-5 என்பது சிலிக்கானும் அலுமினியமும் சேர்ந்த, நுண்துளைகள் நிறைந்த ஜியோலைட். இதில் மாலிப்டினம் உலோகத்தை ஏற்றினால் வினையூக்கி தயார். ஜியோலிஸ்ட் கம்பெனி சரக்கு. இதே வேலையில் இறங்குகிறவர்கள் தாராளமாக வாங்கலாம். என்ன எதிர்பார்த்து வாங்குகிறீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில் பெயரில் 2314-இன் தொடக்கத்தில் இருக்கும் அந்த 23 என்ற எண். அது சிலிக்கா, அலுமினா விகிதம். பல ஆய்வுக் கட்டுரைகள் சொல்வதோ சிலிக்கான், அலுமினியம் விகிதம். அந்தக் கணக்கில் இது 11.5 தான். கட்டுரையில் 25 என்று பார்த்துவிட்டு இதை ஆர்டர் போட்டால் கேட்டது ஒன்று, வந்தது ஒன்று என்றாகிவிடும். அதற்குச் சிலிக்கா, அலுமினா விகிதம் 50 ஆக வரும் சிபிவி 5524ஜி வாங்க வேண்டும். மீத்தேன் வேலைக்கு அமிலத்தன்மை கூடுதலாக இருக்கும் 2314 எனக்குப் பிடித்திருக்கிறது.

வருவது அம்மோனியம் வடிவத்தில். காற்றோட்டத்தில் மெதுவாக 550 டிகிரி வரை ஏற்றி, சில மணி நேரம் வைத்தால் அம்மோனியா போய், வேலைக்கு வேண்டிய அமில வடிவம் கிடைக்கும். அவசரம் வேண்டாம். உள்ளே இருக்கும் ஈரம் சூட்டில் நீராவியாகிக் கட்டமைப்பிலிருந்து அலுமினியத்தைப் பிடுங்கிவிடும். ஈரம் என்றதும் இன்னொன்று: இந்தப் பவுடர் மழைக்கால அப்பளம் மாதிரி, திறந்து வைத்தால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். உலர்த்தாமல் எடை போட்டால் மாலிப்டினம் சதவீதம் தப்பாகப் போகும். மிக நைஸான பவுடர் என்பதால் அப்படியே ரியாக்டர் குழாயில் போட்டால் வாயு போகத் திணறும். அழுத்தி வில்லையாக்கி, உடைத்து, சல்லடையில் சலித்துப் போடுங்கள்.

சரி, வேலை எப்படி? மாலிப்டினம் ஏற்றி, 700 டிகிரியில் மீத்தேனை விட்டால் தொடக்கத்தில் ஜிசியில், அதாவது வெளிவரும் வாயுக்களைப் பிரித்துக் காட்டும் கருவியில், பென்சீன் பீக்கைக் காணவே காணோம். கார்பன் மோனாக்சைடும் டை ஆக்சைடும் தண்ணீரும்தான் வரும். மாலிப்டினம் ஆக்சைடு தன் ஆக்சிஜனை இழந்து கார்பைடாக மாறும் நேரம் அது. அப்புறம் பென்சீன் பீக் மளமளவென்று ஏறும். கூடவே நாஃப்தலீனும், அதாவது நம் அந்துருண்டைச் சரக்கும் வரும். குளிர்ந்த இடம் கிடைத்தால் வெள்ளையாகப் படிந்து லைனை அடைத்துவிடும். ஜிசி வரைக்கும் குழாயைச் சூடாக வைத்திருங்கள்.

இனி ஏமாற்றம் தரக்கூடிய பகுதி. சீனாவின் தாலியன் நகர ஆய்வாளர்கள் 1993-இல் இந்த வினையை வெளியிட்டதிலிருந்து இன்றுவரை இரண்டு தலைவலி தீரவில்லை. 700 டிகிரியில் வேதிச் சமநிலையே சுமார் 12 சதவீத மீத்தேனுக்கு மேல் மாற விடாது. அதோடு துளைகளில் கரி படிந்து சில மணி நேரத்தில் விளைச்சல் இறங்கத் தொடங்கும். வெள்ளையாகப் போட்டது கன்னங்கரேலென்று வெளியே வரும். மீத்தேனோடு ஓரிரு சதவீதம் கார்பன் டை ஆக்சைடு கலந்தால் கரி கொஞ்சம் மட்டுப்படும். படிந்த கரியைக் காற்றில் எரித்துச் சுத்தம் செய்யலாம். அப்போது சூடு மீறினால் மாலிப்டினம் அலுமினியத்தோடு சேர்ந்து கட்டமைப்பையே கெடுக்கும். இதெல்லாம் வேதியியலின் கோளாறு, பவுடர் மேல் பழி போடாதீர்கள்.

நூறு ஆண்டுக் கணக்கில் மீத்தேன் கார்பன் டை ஆக்சைடைவிட 28 மடங்கு வெப்பத்தைப் பிடிக்கிறது, அதனால் அதை மாற்றுவது நல்லது என்று, இந்த ஆய்வுக்கு நிதி கேட்கும் புரொபோசலில் எல்லாரும் எழுதுகிறோம். அந்த 700 டிகிரிக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று எழுதுபவர் குறைவு. நானும் பக்க வரம்பைக் காரணம் சொல்லித் தப்பித்துக்கொள்வேன்.

சரக்குக்கு ஐந்துக்கு நாலரை தருவேன். எங்களுக்கு விற்ற இடைத்தரகருக்கு இரண்டு. பெரிய பையிலிருந்து பிரித்துச் சாதா ஜிப் கவரில் போட்டு, லாட் எண்கூட ஒட்டாமல் அனுப்பினார். கேட்ட பிறகுதான் சான்றிதழ் மெயிலில் வந்தது. பணம் கட்டும் முன்பே லாட் எண்ணையும் பகுப்பாய்வுச் சான்றிதழையும் கேட்டு வாங்கிவிடுங்கள்.