அஸ்வெசும கொடுப்பனவு: திருகோணமலையிலிருந்து ஒரு மதிப்பீடு

திருகோணமலை மாவட்டத்தில் சிறுவர் வறுமையைக் குறைப்பதற்கான சமூகக் கொள்கைப் பணியில் பல ஆண்டுகளாக ஈடுபட்டு வருகிறேன். உணவகத்துக்கும் கைத்தொலைபேசிக்கும் மதிப்பீடு எழுதுகிற நாம், இலட்சக்கணக்கான குடும்பங்கள் மாதந்தோறும் நம்பியிருக்கும் ஓர் அரச சேவைக்கு எழுதுவதில்லை. சாப்பாடு பிடிக்காவிட்டால் அடுத்த கடைக்குப் போகலாம். வறிய குடும்பங்களுக்கு இலங்கை அரசாங்கம் மாதந்தோறும் பணம் கொடுக்கும் அஸ்வெசும திட்டத்தின் பட்டியலில் பெயர் வராத தாய்க்கு அடுத்த கடை கிடையாது. ஆகவே இந்தச் சேவையை, அதைப் பெறுகிற வீட்டில் வளரும் பிள்ளையின் பக்கத்தில் நின்று மதிப்பிட விரும்புகிறேன்.

வெளியூர் வாசகர்களுக்காகச் சுருக்கமாக: 1995ஆம் ஆண்டு தொடங்கிய சமுர்த்தி என்ற முந்திய வறுமை நிவாரணத்தின் இடத்தில், 2002ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டத்தின் கீழ், 2023 ஜூலை மாதம் நடைமுறைக்கு வந்ததே அஸ்வெசும. சிங்களத்தில் இந்தச் சொல்லுக்கு ஆறுதல் என்று பொருள். விண்ணப்பித்த குடும்பங்களைக் கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்துகள், வீட்டின் நிலை, குடும்ப அமைப்பு என்ற ஆறு துறைகளில் 22 சுட்டிகளைக் கொண்டு அளந்து, நான்கு வகுதிகளாகப் பிரித்தார்கள். தொடக்கத்தில் வறியவர் வகுதிக்கு மாதம் 8,500 ரூபாயும் மிக வறியவர் வகுதிக்கு 15,000 ரூபாயும் வழங்கப்பட்டன. 2025 ஜனவரி முதல் அவை 10,000 ரூபாயாகவும் 17,500 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டன.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அது சிறிய நன்மை அல்ல. சமுர்த்திக் காலத்தில் ஒரு குடும்பம் பட்டியலில் இருப்பதும் விடுபடுவதும் யாரைத் தெரியும் என்பதைப் பொறுத்தது என்ற குறை எல்லா ஊர்களிலும் இருந்தது. அஸ்வெசும அந்தத் தீர்மானத்தை எழுத்தில் உள்ள சுட்டிகளிடம் ஒப்படைத்தது. பணம் நேரே வங்கிக் கணக்குக்கு வருகிறது. பட்டியல் வெளியான பின்னர், விடுபட்டவர் மேன்முறையீடு செய்யலாம், தகுதியற்றவர் சேர்ந்திருந்தால் ஊரவர் ஆட்சேபனை தெரிவிக்கலாம். 2023ஆம் ஆண்டு 9 இலட்சத்துக்கும் மேற்பட்ட மேன்முறையீடுகள் குவிந்தன. அந்த எண்ணிக்கையைத் தோல்வியின் அடையாளமாகப் பலரும் காட்டினார்கள். நான் அதை இரண்டு விதமாகவும் பார்க்கிறேன். அளவீட்டில் பெரும் பிழை இருந்தது உண்மை. ஆனால் "எனக்கு ஏன் இல்லை" என்று ஓர் ஏழைக் குடும்பம் எழுத்தில் கேட்பதற்கும், அதற்கு அரசாங்கம் பதில் சொல்லக் கடமைப்படுவதற்கும் இந்த நாட்டில் முன்னர் இவ்வளவு தெளிவான வழி இருந்ததில்லை.

எனது குறை வேறோர் இடத்தில் இருக்கிறது. வெருகல் பக்கத்தில் ஒரு பாட்டியின் வீட்டு முற்றத்தில்தான் அது எனக்கு முழுமையாகப் புரிந்தது.

அந்த வீட்டில் ஏழு பேர். பிள்ளைகளின் தாய் மத்திய கிழக்கில் வீட்டுப் பணிப்பெண்ணாக இருக்கிறார், சம்பளம் ஒழுங்காக வருவதில்லை. தகப்பன் பிரிந்து சென்றுவிட்டார். பாட்டி, தாத்தா, ஐந்து பிள்ளைகள், அவர்களில் கடைசிப் பெண்ணுக்கு இரண்டரை வயது. பாட்டி ஒரு பொலித்தீன் பையைத் திறந்து, அடையாள அட்டைப் பிரதிகள், மின்சாரப் பட்டியல், கிராம உத்தியோகத்தரின் கடிதம், அஸ்வெசும விண்ணப்பத்தின் பிரதி எல்லாவற்றையும் பாயில் வரிசையாகப் பரப்பினார். கொடுப்பனவு விபரம் இருந்த தாளை என்னிடம் நீட்டி, "என்ட பேரப்புள்ளைட பேர் இதில எங்க இருக்கு, மகள்?" என்று கேட்டார். விண்ணப்பத்தில் குடும்ப அங்கத்தவர்களின் நிரலில் ஐந்து பிள்ளைகளும் இருந்தார்கள். அவர் நீட்டிய தாளில் இருந்ததோ விண்ணப்பதாரரின் பெயரும், வகுதியும், ஒரு தொகையும் மட்டுமே. அந்தத் தொகை ஒரு பிள்ளை இருந்தாலும் மாறாது, ஐந்து பிள்ளைகள் இருந்தாலும் மாறாது.

கணக்கைப் பாருங்கள். மிக வறிய வகுதியில் உள்ள ஒரு குடும்பத்துக்கு 17,500 ரூபாய். தாய், தகப்பன், ஒரு பிள்ளை என்றால் ஆளுக்கு மாதம் 5,800 ரூபாய்க்குச் சற்று மேல். அந்தப் பாட்டியின் வீட்டில் ஆளுக்கு 2,500 ரூபாய், அதாவது நாளொன்றுக்கு 83 ரூபாய். இரண்டு வீடுகளும் ஒரே வகுதி, ஒரே சேவை, ஒரே கடிதம். பிள்ளைகள் அதிகமுள்ள வீட்டில்தான் வறுமை ஆழமாக இருக்கும் என்பதை இந்தத் துறையில் ஒரு மாதம் வேலை செய்தவரும் அறிவார். இருந்தும் பணத்தைப் பகிர்கிற இடத்தில் பிள்ளை மறைந்துவிடுகிறது. குடிசன மதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் 2019ஆம் ஆண்டுத் தரவுகளைக் கொண்டு கணித்த பல்பரிமாண வறுமைச் சுட்டியின்படி, அதாவது வருமானத்தை மட்டும் பாராமல் கல்வி, சுகாதாரம், வாழ்க்கை நிலை ஆகியவற்றையும் அளக்கும் சுட்டியின்படி, நாட்டின் மக்களில் 16 சதவீதத்தினர் வறியவர்கள். ஆனால் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைத் தனியே அளந்தபோது அவர்களில் 42.2 சதவீதத்தினர் வறியவர்கள் என்று தெரிந்தது. பொருளாதார நெருக்கடிக்கு முந்திய எண்கள் இவை. பிள்ளையைத் தனியே எண்ணினால் தெரிகிற வறுமை, குடும்பத்தை மட்டும் எண்ணினால் தெரியாமல் போகிறது என்பதற்கு எங்கள் நாட்டின் சொந்தத் திணைக்களமே சான்று தந்திருக்கிறது. பிறகும் ஏன் கொடுப்பனவு குடும்பத்தோடு நின்றுவிட்டது என்பதே எனது கேள்வி.

இன்னொரு பிழை எங்கள் மாவட்டத்தின் காலநிலையோடு தொடர்புடையது. கிழக்குக் கரையில் கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் திருக்கடலூரிலோ சல்லியிலோ ஒரு மீனவர் வீட்டுக்குப் போனால் அடுப்பில் குழம்பு கொதிக்கும். மாரியில் வாடைக்காற்று எழுந்து வள்ளங்கள் கரையில் கவிழ்ந்து கிடக்கும்போது, அதே வீட்டில் ஒருவேளைச் சோறு. தம்பலகாமத்திலும் கிண்ணியாவிலும் வயலில் கூலிவேலை செய்வோருக்கு இதற்கு வேறொரு நாட்காட்டி: அறுவடையில் கையில் காசு, அது முடிந்தபின் கடன். ஒருமுறை கணக்கெடுத்து மூன்றாண்டுகளுக்கு வகுதி தீர்மானிக்கும் முறை, கணக்கெடுப்பாளர் வாசலுக்கு வந்த மாதத்தையே ஆண்டு முழுவதுமாக எண்ணிவிடுகிறது. வாகனத்தையும் மின்சாரப் பாவனையையும் சுட்டிகளாக வைத்ததில் நியாயம் இருக்கிறது. ஆனால் பெற்றோல் அடிக்க வழியின்றி முற்றத்தில் நிற்கும் மோட்டார் சைக்கிள், அந்த வீட்டுப் பிள்ளை காலையில் வெறும் தேநீரோடு பள்ளிக்கூடம் போனதைச் சொல்லாது.

பிள்ளையின் நிலையை மாதத்துக்கு மாதம் சொல்லக்கூடிய ஒரு சேவை எங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது என்பதே என்னைக் கூடுதலாக வருத்துகிறது. களுத்துறையில் 1926ஆம் ஆண்டு தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையின் வழிவந்த, ஊர்தோறும் தாய் சேய் நலத்தைக் கவனிக்கும் குடும்பநல உத்தியோகத்தர்களைத்தான் சொல்கிறேன். அன்று அந்தப் பாட்டியோடு எடை பார்க்கும் இடத்துக்கு நானும் போயிருந்தேன். கட்டடத்தின் வளையில் கொளுவியிருந்த தராசில், துணிக் காற்சட்டைபோலத் தைத்த பையில் கால்களை நுழைத்துக் கடைசிப் பிள்ளையைத் தொங்கவிட்டார்கள். பிள்ளை வீரிட்டு அழுதது. முள் ஆடி ஓயும்வரை காத்திருந்து, பிள்ளையின் எடையைப் பதியும் இளஞ்சிவப்புக் கொப்பியின் வளர்ச்சி வரைபடத்தில் ஒரு புள்ளி வைத்து, முந்திய புள்ளியோடு கோடிட்டார் உத்தியோகத்தர். கோடு பச்சைப் பட்டையை விட்டுக் கீழே இறங்கியிருந்தது. "அம்மா, போன மாசத்தைவிட 300 கிராம் குறைஞ்சிருக்கு. வீட்டில என்ன நடந்தது?" என்று கேட்டார். காய்ச்சலா, சாப்பாடு போதவில்லையா, தாயிடமிருந்து காசு வரவில்லையா என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். 1973ஆம் ஆண்டிலிருந்து வழங்கப்பட்டுவரும் திரிபோஷ என்ற சத்துமாவில் இரண்டு பைக்கற்றுகளைக் கொடுத்து, அதை வீட்டில் எல்லோருக்கும் பகிராமல் இந்தப் பிள்ளைக்கே கொடுக்கும்படி சொன்னார். ஐந்து பிள்ளைகள் உள்ள வீட்டில் அது நடக்காது என்பது அவருக்கும் தெரியும், பாட்டிக்கும் தெரியும்.

ஒரு பிள்ளைக்கு ஒரு கொப்பி, ஒரு கோடு, பெயர் சொல்லி விசாரிக்கிற ஓர் ஆள். செலவில் அஸ்வெசுமவுக்கு அருகில்கூட வராத இந்தச் சேவைக்கு நான் ஐந்துக்கு ஐந்து தருவேன். ஆனால் உத்தியோகத்தரிடம் கொடுக்கப் பணம் இல்லை, திரிபோஷவும் 2022ஆம் ஆண்டு நெருக்கடியின்போது தட்டுப்பாடானதைத் தாய்மார் மறக்கவில்லை. பணம் இருக்கிற அஸ்வெசுமவிடம் அந்தக் கோடு இல்லை. பாட்டியின் பொலித்தீன் பையில் இளஞ்சிவப்புக் கொப்பியும் வங்கிப் புத்தகமும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. அந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற மேசை எந்தக் கட்டடத்திலும் இல்லை. எடை தொடர்ந்து குறையும் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளை உள்ள வீட்டை, அடுத்த கணக்கெடுப்புவரை காத்திராமல் மீளாய்வு செய்யும்படி பரிந்துரைக்கும் அதிகாரத்தைக் குடும்பநல உத்தியோகத்தருக்குக் கொடுத்தால், இந்தத் திட்டத்தின் பெரும் ஓட்டை அடைபடும் என்று நம்புகிறேன்.

அதற்கு அப்பாலும் போகலாம். நேபாளம் எங்களைவிட வறிய நாடு. அது 2009ஆம் ஆண்டிலேயே கர்னாலிப் பிரதேசப் பிள்ளைகளுக்கும் வறிய தலித் குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் ஐந்து வயது வரையிலான சிறுவர் கொடுப்பனவைத் தொடங்கியது. மொங்கோலியா 2005ஆம் ஆண்டு தொடங்கியது. தொகை சிறியது, ஆனால் தாள் பிள்ளையின் பெயரில் இருக்கிறது. இங்கு இதைப் பேசினால், நாடு கடனில் இருக்கும்போது பணத்துக்கு எங்கே போவது என்று கேட்கிறார்கள். மதிக்கத்தக்க கேள்வி அது. ஆயினும் 2023 மார்ச் மாதம் சர்வதேச நாணய நிதியத்தோடு செய்துகொண்ட உடன்பாட்டிலேயே சமூகப் பாதுகாப்புக்கான செலவு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கக் கூடாது என்ற இலக்கு இருக்கிறது. அந்த அளவு ஆகக் குறைந்த எல்லை, அதைத் தாண்டிச் செலவிட எவரும் தடை போடவில்லை.

பிள்ளை வாரியாகக் கொடுப்பது இந்த நாட்டில் நடக்காது என்பவர்களுக்கு 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தை நினைவூட்டுவேன். அஸ்வெசும பெறும் குடும்பங்களின் பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கற்றல் உபகரணங்கள் வாங்கத் தலைக்கு 6,000 ரூபாய் கொடுத்தார்கள். அன்று மட்டும் ஐந்து பிள்ளைகள் உள்ள வீடு ஐந்து பிள்ளைகள் உள்ள வீடாகவே எண்ணப்பட்டது, பாடசாலை செல்லும் வயதை எட்டாத கடைசிப் பிள்ளையைத் தவிர. அந்த மாதம் திருகோணமலைக் கடைத்தெருவில் கொப்பியும் சப்பாத்தும் வாங்க வந்த தாய்மாரின் முகத்தைப் பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன், அந்தப் பணம் போக வேண்டிய இடத்துக்கே போனது.

இனிச் சேவை வழங்கப்படும் விதம். அலுவலர்களில் மிகப் பலர் தங்களால் இயன்றதைவிடக் கூடுதலாகவே உழைக்கிறார்கள். எனினும் எனது அனுபவத்தில் ஓர் அலுவலகத்திலிருந்து தமிழ்க் குடும்பமொன்றுக்கு வந்த கடிதம் முழுவதும் சிங்களத்தில் இருந்தது. அதை வாசித்துச் சொல்ல ஆள் தேடியதில் மேன்முறையீட்டுத் தவணையில் நான்கு நாட்கள் போய்விட்டன. ஒரு வங்கிக் கிளையில், கணக்குத் திறக்கும் கடிதத்தில் பெயரின் ஓர் எழுத்து பிறப்புச் சான்றிதழோடு ஒத்துவரவில்லை என்று ஒரு தாயைத் திருப்பியனுப்பினார்கள். நகரத்தில் இருப்பவருக்கு அது ஒரு முச்சக்கரவண்டிப் பயணம். வெருகலிலிருந்தோ குச்சவெளிக்கு அப்பாலிருந்தோ வருபவருக்கு ஒரு நாள் கூலியும் பேருந்துக் கட்டணமும் அயல்வீட்டில் விட்டுவந்த பிள்ளையின் மதியச் சாப்பாடும். இவ்வாறு நான்குமுறை அலைந்தவர் ஐந்தாம்முறை வருவதில்லை. அவரைத் தகுதியற்றவர் என்று யாரும் தீர்மானிக்கவில்லை, ஆனாலும் அவர் பட்டியலில் இல்லை.

பணம் கிடைப்பவர்களைப் பொறுத்தவரை இந்தச் சேவைக்கு ஐந்துக்கு மூன்று தருகிறேன். பிள்ளையைப் பொறுத்தவரை இரண்டு.

மேன்முறையீடு செய்ய இருப்பவர்களுக்கு நடைமுறையில் கண்ட சிலவற்றைச் சொல்லி வைக்கிறேன். விண்ணப்பத்தில் எல்லாப் பிள்ளைகளின் பெயரும் பதிவாகியுள்ளதா என்று முதலில் பாருங்கள். பாட்டியோடு வளரும் பிள்ளை தாயின் பழைய முகவரியில் கிடப்பது எங்கள் மாவட்டத்தில் அடிக்கடி நேர்வது. பிறப்புச் சான்றிதழ்களோடு எடைக் கொப்பியின் வளர்ச்சிப் பக்கத்தையும் பிரதியெடுத்து இணையுங்கள். அதை யாரும் கேட்கமாட்டார்கள், ஆனால் வீட்டைப் பார்க்க வரும் அலுவலரின் கையில் அந்தக் கோடு இருப்பது நல்லது. கொடுத்த ஒவ்வொரு தாளுக்கும் திகதியோடு பற்றுச்சீட்டு கேளுங்கள். அஸ்வெசுமவை நடத்தும் நலன்புரி நன்மைகள் சபையின் 1924 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைக்கும்போது விண்ணப்ப இலக்கத்தையும் அடையாள அட்டை இலக்கத்தையும் முன்னால் வைத்துக்கொண்டு, தமிழில் பேச வேண்டும் என்று தொடக்கத்திலேயே சொல்லுங்கள்.